“ஒரிஜினலா?” என்று கேட்கும் முன்: மதுரையில் பழைய கார் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு

அழகர்கோவில் சாலையில் ஒரு டீக்கடை முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய கார்க்காரர்கள் சிலர் கூடுவோம். சென்ற ஆண்டு ஒரு நாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தன் தாத்தாவின் அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு வந்தார். சந்தன நிறம், அன்று காலைதான் கழுவித் துடைத்திருந்தார், கதவிடுக்குகளில் ஈரம்கூடக் காயவில்லை. எங்களில் மூத்தவர் ஒருவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருந்தது மேட்டடோர் வேனின் டீசல் என்ஜின். “ஓ, மேட்டடோர் போட்ட வண்டியா” என்று சொல்லிவிட்டு மூத்தவர் திரும்பி நடந்தார். கூட நின்ற நான்கு பேரும் அவர் பின்னாலேயே போனார்கள். அந்த இளைஞர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். பிறகு அவர் வரவே இல்லை.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். பழைய கார் மீது ஆசைப்பட்டு முதல்முறையாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு வண்டி வாங்குவது, பட்டறை பார்ப்பது, சட்டம் ஆகியவை பற்றிச் சொல்லப்போகிறேன். அவற்றைவிட முக்கியமாக, உங்களைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் என்ன செய்வது, நீங்களே ஒருநாள் அப்படிப் பிதுக்குகிறவராக மாறாமல் இருப்பது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில், யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கம்பெனியிலிருந்து வெளிவந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பவர்கள் ஒரு சாரார். திருகாணிகூட அந்தக் காலத்துத் திருகாணியாக இருக்க வேண்டும் அவர்களுக்கு. இன்னொரு சாரார் வண்டியைத் தங்கள் மனதுக்கேற்ப மாற்றிக் கட்டுகிறவர்கள்: வேறு இருக்கை, வேறு சக்கரம், வேறு நிறம். மூன்றாவது வகையினர் எந்தப் பேரும் வைத்துக்கொள்ளாதவர்கள். அப்பா ஓட்டினார், நானும் ஓட்டுகிறேன் என்று திருமங்கலம் சந்தைக்கும் மேலூர் கல்யாணத்துக்கும் அதே வண்டியில் போய்வருகிறவர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காரைப் ‘பிளசர்’ என்று சொன்ன காலத்திலிருந்து வண்டியைக் காப்பாற்றி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையினரே. கூட்டங்களில் அவர்களுக்குத்தான் மரியாதை குறைவு.

ஒவ்வொரு சாராருக்கும் மற்றவர்மேல் ஓர் இளக்காரம் உண்டு. அம்பாசிடர்காரர் மாருதி 800-ஐப் பார்த்து “இதெல்லாம் பழைய காரா?” என்பார். அந்த மாருதி விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில்; நாற்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. முதல் வரிசையில் வந்த எஸ்எஸ்80 இன்று கண்ணில் படுவதே அரிது. ஆனாலும் அதை ஓட்டி வருகிறவர் கூட்டத்தின் ஓரத்தில்தான் வண்டியை நிறுத்துகிறார். வண்டியிலும் சாதி பார்க்கிற பழக்கம் இது. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

கொஞ்சம் வரலாறு

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். யாராவது உங்களை மட்டம் தட்டும்போது கைகொடுப்பது இதுதான்.

அமெரிக்காவில் ‘ஹாட் ராட்’ என்று ஒரு வகைக் கார் உண்டு. பழைய காரைப் பிரித்து, மட்கார்டுகளைக் கழற்றி, எடையைக் குறைத்து, என்ஜினின் வேகத்தைக் கூட்டிக் கட்டுவது. 1930-களில் தெற்குக் கலிபோர்னியாவில் கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி இப்படிச் செய்தார்கள். 1932-ல் ஃபோர்டு நிறுவனம் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக் காரில் எட்டு சிலிண்டர் என்ஜினைக் கொடுத்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். அந்த என்ஜின்தான் அவர்களுக்கு உயிர். மூரோக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பந்தயம் வைத்தார்கள். 1937-ல் அதற்கென ஒரு சங்கமே அமைந்தது. ஆக, அந்தக் கலை தொடங்கியதே கிடைத்ததை வைத்துக் கட்டுவதில்தான்.

1955-ல் செவர்லே சிறிய எட்டு சிலிண்டர் என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தது. எடை குறைவு, விலை குறைவு, திறன் அதிகம். இளைஞர்கள் அதைத் தூக்கி ஃபோர்டு உடலுக்குள் வைத்தார்கள். “ஃபோர்டில் செவர்லேயா?” என்ற முகச்சுளிப்பு அன்றும் எழுந்தது, இன்றும் ஓயவில்லை. அழகர்கோவில் சாலையில் நான் கேட்ட “மேட்டடோர் போட்ட வண்டியா” என்பதற்கும் அதற்கும் மொழி மட்டும்தான் வேறு.

இன்னொரு வண்டியையும் சொல்ல வேண்டும். 1951 மாடல் மெர்குரி கார் ஒன்றை, ஏறக்குறைய புதிதாக இருக்கும்போதே, பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக பேரிஸ் சகோதரர்களின் பட்டறை 1952-ல் வெட்டிக் குறுக்கிக் கூரையைத் தாழ்த்தி முற்றிலும் மாற்றிக் கட்டியது. கம்பெனி வடிவமே வேதம் என்பவருக்கு அது பாவச்செயலாகத் தோன்றும். அந்த ‘ஹிரோஹாட்டா மெர்க்’ இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறது. இப்போது அதில் ஒரு கோடு மாறினாலும் அதே ஆட்கள் துடித்துப்போவார்கள்.

நம் ஊருக்கு வருவோம். அம்பாசிடர் பிறந்தது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து. பத்மினி இத்தாலியின் ஃபியட் 1100. இன்றைக்கும் நம் மெக்கானிக்குகள் அதை ஃபியட் என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. அம்பாசிடர் 1950-களின் பிற்பகுதி தொடங்கி 2014 வரை வந்தது. மார்க் 1, 2, 3, 4, நோவா என்று முகம் மாறிக்கொண்டே போனது. 1990-களில் இசுசு பெட்ரோல் என்ஜினைக் கம்பெனியே உள்ளே வைத்தது. இதில் எந்த அம்பாசிடர் ‘ஒரிஜினல்’? எந்த ஆண்டு, எந்த மாடல் என்று சேர்த்துச் சொல்லாதவரை அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை.

மதுரைக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், மதுரையில் 1911-ல் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், வண்டிகளை வாயுவில் ஓடவைக்கும் ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’டைத் தயாரித்தார். பெட்ரோல் வண்டியை வேறு எரிபொருளுக்கு மாற்றிக் கட்டிய ஊர் இது. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாத டாக்சிக்காரரும் விவசாயியும் அம்பாசிடருக்குள் மேட்டடோர் என்ஜினை இறக்கியது அதே அறிவின் தொடர்ச்சி என்றே நான் நினைக்கிறேன்.

வண்டி வாங்கும்போது

ஊர் மெச்ச வேண்டும் என்று வண்டி வாங்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒன்று கொட்டகையில் கிடந்தால் முதலில் அதைப் பாருங்கள். வெளியில் வாங்குவதானால் முதல் வண்டியாக அம்பாசிடரோ ஃபியட்டோ நல்லது. சாமான் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஹெரால்டு அழகான வண்டி. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறந்து என்ஜின் கண்ணெதிரே நிற்கும். ஆனால் சாமானுக்காக சென்னை புதுப்பேட்டை வரை அலையத் தயாராக இருக்க வேண்டும்.

காகிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் செலவு எவ்வளவு ஆகும் என்பதை மதுரையின் மூன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் வண்டி எதைச் சேர்ந்ததோ (டி.என். 58, 59, 64) அங்கே கேட்டுவிட்டு விலை பேசுங்கள். ஆர்.சி.யில் பெயருள்ளவர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். வெளிமாநிலங்களிலிருந்து ‘புதிதாகக் கட்டிய’ ஜீப்புகள் வருகின்றன. அவற்றில் ஒரு வண்டியின் காகிதமும் இன்னொரு வண்டியின் உடலுமாக இருப்பது உண்டு. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது துரு. மதுரை வறண்ட ஊர். இங்கேயே இருந்த வண்டி ஓரளவு தப்பித்திருக்கும். இராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் ஓடிய வண்டியென்றால் மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள், கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுவதும் ஒட்டிப் பார்த்தால் எங்கே தகடு, எங்கே பட்டி (பள்ளம், ஓட்டையை மறைக்கப் பூசும் பசை) என்று தெரிந்துவிடும். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்குவதைவிட இந்தப் பத்து நிமிடம் உங்களுக்குப் பல ஆயிரங்களை மிச்சப்படுத்தும்.

சட்டம் சொல்வது

மாற்றிக் கட்டுவதில் ஆர்வமுள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. என்ஜின் மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில நேரம் இரண்டும். ஆகவே அமெரிக்கப் படங்களைப் பார்த்துக் கூரையை வெட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் தனி விதிகள் வந்தன. ‘வி.ஏ.’ எழுத்துகளுடன் தனிப் பதிவெண், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். அந்தப் பதிவு பெற்ற வண்டியைத் தினசரி ஓட்டமுடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டுமே. சேசிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது. இந்த வழியில் போகிறவருக்கு ‘ஒரிஜினல்’ என்பது பெருமைக்காக மட்டும் இல்லை என்பதை மாற்றிக் கட்டுகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பட்டறையில்

மெக்கானிக், டிங்கர் (தகடு வேலை செய்கிறவர்), பெயின்டர், குஷன் கடைக்காரர், லேத் பட்டறைக்காரர். இந்த ஐந்து பேரும் உங்களுக்கு வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்து பேரிடமும் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஓடவும் நிற்கவும் வையுங்கள், பெயின்ட் கடைசி. கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுங்கள்.

இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் (உள்ளே உள்ள மெல்லிய சவ்வு) அரித்துவிடும். வண்டி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே அவற்றை மாற்றிவிடுங்கள். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் கசிவது விளையாட்டல்ல.

பட்டறையிலும் ஓர் இளக்காரம் நடக்கிறது. படித்தவர்கள் கையேட்டை அச்செடுத்துக்கொண்டு வந்து மெக்கானிக்குக்குப் பாடம் நடத்துவார்கள். கையேடு வேண்டியதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் சத்தத்தை வைத்தே எந்த டாப்பெட் (என்ஜின் வால்வை இயக்கும் பாகம்) தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் அறுபது வயதுக்காரரிடம் பேச ஒரு முறை இருக்கிறது. “அண்ணே, புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கிறது, நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?” என்று கேளுங்கள். என் ஃபியட்டின் கியர் கம்பியில் தேய்ந்துபோன புஷ் எங்கேயும் கிடைக்காதபோது, புதூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பழையதை அளந்து பார்த்து ஒரு மணி நேரத்தில் கடைந்து கொடுத்தார்கள். அது ‘கம்பெனி சாமான்’ இல்லை என்று எனக்குத் தெரியும். இன்றுவரை தேயவில்லை.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றியதை எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி, பெயர் எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் மனம் மாறலாம். அல்லது வண்டி உங்கள் மகளிடம் போய் அவள் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பலாம். வெல்டிங் வைத்து வெட்டி ஒட்டுவதைவிடப் போல்ட் போட்டுப் பூட்டும் மாற்றம் எப்போதும் மேல்.

கூட்டத்துக்குப் போகும்போது

“ஒரிஜினலா?” என்று கேட்காதீர்கள். “இதை எப்படிச் செய்தீர்கள், எதற்காகச் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். இதை நான் கற்றுக்கொண்ட கதை இது.

பத்மினியில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இடது கையைத் தூக்கிப் போட வேண்டும். கூட்டத்துக்கு வந்த ஒருவர் அதைத் தரை கியராக மாற்றியிருந்தார். கை கியர் இல்லாத ஃபியட் ஒரு ஃபியட்டா என்று நினைத்து, நான் அவரிடம் பேசாமலேயே இருந்தேன். பல மாதம் கழித்து டீ குடிக்கும்போது அவரே சொன்னார். அவருடைய அப்பாவுக்கு இடது தோள்பட்டை தூக்க வராது, இருந்தும் தன் வண்டியைத் தானே ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார், அதனால் மாற்றினார்கள். அப்பா கடைசி வரை அந்த வண்டியை ஓட்டியிருக்கிறார். இத்தனைக்கும் பத்மினியின் கடைசி ஆண்டுகளில் கம்பெனியே தரை கியர் வைத்து விற்றது. அது தெரிந்திருந்தும் நான் முகத்தைத் திருப்பியிருக்கிறேன். அந்த இணைப்புக் கம்பிகளை அவர் எவ்வளவு நேர்த்தியாக அமைத்திருந்தார் என்பதை அன்றுதான் குனிந்து பார்த்தேன்.

உங்களை யாராவது மட்டம் தட்டினால் வாதம் செய்ய வேண்டாம். வண்டியின் கதையைச் சொல்லுங்கள்: யார் வாங்கியது, எந்த ஆண்டு, ஏன் அந்த என்ஜின். நேராகச் சொன்ன கதைக்குமுன் பெரும்பாலோர் இறங்கி வருவார்கள். இறங்காதவரை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போங்கள். கிளம்பி மட்டும் போய்விடாதீர்கள்.

எதிர்த்திசை இளக்காரத்துக்கும் இடம் கொடுக்கக்கூடாது. பழைய நிலையிலேயே வண்டியை வைத்திருப்பவரைப் பார்த்து “காசுள்ளவர், கண்ணாடிப் பெட்டிப் பொம்மை வைத்திருக்கிறார்” என்று பேசுகிறவர்கள் உண்டு. சரியான பின்விளக்கு ஒன்றுக்காக இரண்டு ஆண்டு கல்கத்தாவுக்கும் கோயம்புத்தூருக்கும் கடிதம் எழுதியவரை எனக்குத் தெரியும். அவர் இல்லையென்றால் மார்க் 2 அம்பாசிடரின் முகப்புச் சட்டம் எப்படி இருந்தது என்று நமக்குச் சொல்ல ஆள் இருக்காது. மாற்றுகிறவருக்கும் அவரிடம்தான் அளவு கிடைக்கிறது. நேரம் இருந்தால் கோயம்புத்தூர் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். வண்டியை வந்த வடிவிலேயே காப்பதன் அருமை அங்கே புரியும்.

விட்டுக்கொடுக்கக்கூடாதவை

திறந்த மனம் என்றால் எதற்கும் தலையாட்டுவது என்று பொருள் இல்லை. பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, சேசிஸ் ஆகிய ஐந்திலும் நான் யாருக்கும் தயவு காட்டமாட்டேன். அம்பாசிடரின் முன்பக்கத்தைத் தாங்குவது முறுக்குக் கம்பி. கனமான டீசல் என்ஜினை இறக்கிவிட்டு அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் மூக்கு தாழ்ந்து, பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும். முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்காத வண்டியை நத்தம் மேம்பாலத்தில் விரட்டுகிறவர் எதிரே வருகிறவரின் உயிரோடு விளையாடுகிறார். இதைக் கண்டால் சொல்லுங்கள். ஆனால் தனியாக அழைத்து, “தம்பி, முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, பார்க்கலாமா?” என்று சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் சொன்னால் அவர் காதில் வசவாகத்தான் விழும்.

விற்பதில் பொய்யையும் பொறுக்காதீர்கள். என்ஜின் மாற்றியதை மறைத்து ‘எல்லாம் கம்பெனி’ என்று விற்பது திருட்டு.

முதல் ஞாயிறு

வெயில் ஏறுவதற்கு முன், ஆறரை மணிக்குள் வந்துவிடுங்கள். பத்து லிட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட் ஒன்று, பிளக் ஸ்பேனர், பழைய துணி, டார்ச் ஆகியவை டிக்கியில் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோனால் பதறாமல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரம் காத்திருங்கள். ஆவி பறக்கக் கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை வெறுங்கையால் திறக்காதீர்கள்.

உசிலம்பட்டிச் சாலையில் சந்தன நிற அம்பாசிடர் ஒன்று டீசல் சத்தத்தோடு போவதைப் பார்த்தால் ஓட்டுகிறவரை நிறுத்தி என் சார்பில் ஒன்று சொல்லுங்கள். அந்த என்ஜினை அவருடைய தாத்தா எந்த மவுண்டிங்கில் உட்கார வைத்தார், அதிர்வு தெரியாமல் எப்படிச் செய்தார் என்று கேட்பதற்கு டீக்கடையில் ஒருவன் இன்னும் காத்திருக்கிறான்.